ஒரே கீயில் ஓடிய அசூர் கன்டெய்னர்களுக்கு அனுமதி பிரித்த அனுபவம்

மைக்ரோசாஃப்டின் கிளவுட் சேவையான அசூரில், வேறொரு குழு பார்த்துக்கொண்டிருந்த ஸ்டோரேஜ் அக்கவுண்ட் (கோப்புக் கிடங்கு) ஒன்று எங்கள் பொறுப்புக்கு வந்தது. உள்ளே வகைவகையாகக் கன்டெய்னர்கள், அதாவது கோப்புகளைப் பிரித்து வைக்கும் பெட்டிகள்: இணையதளத்துக்கான படங்கள், பயனர்கள் ஏற்றும் ஆவணங்கள், இரவு வேலைகள் எழுதும் அறிக்கைகள், தரவுத்தள பேக்கப். இத்தனைக்கும் பெரும்பாலும் ஒரே வழிதான், அக்கவுண்டின் ஆக்சஸ் கீ, கடவுச்சொல் போன்ற ஒரு நீளமான சரம். அந்தச் சரம் செயலிகளின் கான்ஃபிக் கோப்புகளில் இருந்தது, ஸ்கிரிப்டுகளில் இருந்தது, சிலருடைய லேப்டாப்பிலும் இருந்தது. கன்டெய்னர் வாரியாக, ஆள் வாரியாக அனுமதியைப் பிரித்துக் கொடுப்பது என் வேலை.

இந்தக் கீ பற்றிக் கொஞ்சம். ஒவ்வொரு அக்கவுண்டுக்கும் இரண்டு கீ உண்டு, இரண்டுக்கும் பலம் ஒன்றுதான். அதை வைத்திருப்பவர் எந்தக் கன்டெய்னரையும் படிக்கலாம், எழுதலாம், மொத்தமாக அழிக்கலாம். பிளாப் (கன்டெய்னரில் இருக்கும் கோப்பு) மட்டுமல்ல, அதே அக்கவுண்டின் கியூ, டேபிள், ஃபைல் ஷேர் எல்லாம் அவர் கையில். பேக்கப்பை எழுத மட்டுமே வேண்டிய ஸ்கிரிப்ட், பழைய பேக்கப்புகளை அழிக்கவும் முடியும் என்கிற நிலைமை. யார் அழித்தது என்று பின்னால் கேட்டால், கீ வைத்திருந்த யாரோ என்பதுதான் பதில்.

போர்ட்டலைத் திறந்ததும் அனுமதித் திரைக்குப் போகத்தான் கை துறுதுறுக்கும். நான் லாகிலிருந்து (யார் எப்போது என்ன கேட்டார்கள் என்ற பதிவிலிருந்து) தொடங்கினேன். அனுமதி கொடுப்பதும் எடுப்பதும் சில கிளிக் வேலை. இப்போது யார், எந்த வழியாக வந்துபோகிறார்கள் என்று தெரிந்துகொள்வதில்தான் காலம் போகும். பிளாப் சேவைக்கான டயக்னாஸ்டிக் செட்டிங்கில் படித்தல், எழுதுதல், அழித்தல் மூன்றையும் இயக்கி, பதிவுகளைத் தேடிப் பார்க்க உதவும் லாக் அனலிட்டிக்ஸுக்கு அனுப்பினால் ஒவ்வொரு கோரிக்கையும் ஒரு வரியாகப் பதிவாகும். எங்களுக்கு வந்தபோது அது இயக்கப்படவில்லை. இயக்கிய பிறகு நடப்பதுதான் பதிவாகும், முந்தையது கிடைக்காது. அதனால் மாதக் கடைசி தாண்டும்வரை எதையும் தொடாமல் காத்திருக்கச் சொன்னேன். மாதத்துக்கு ஒரு முறை மட்டும் தலைகாட்டும் வேலைகள் எல்லா நிறுவனத்திலும் உண்டு, அவற்றைப் பற்றி ஆவணம் மட்டும் இருக்காது.

அந்தப் பதிவில் எனக்கு மிகவும் பயன்பட்டது, கோரிக்கை எந்த முறையில் அங்கீகாரம் பெற்றது என்று காட்டும் பத்தி. முக்கியமாக நான்கு விடைகள் வரும்: அக்கவுண்ட் கீ, எஸ்.ஏ.எஸ். டோக்கன் (குறிப்பிட்ட உரிமையும் காலமும் எழுதிக் கையெழுத்திட்ட அனுமதிச் சீட்டு), ஓஆத் (சொந்தக் கணக்கில் உள்நுழைந்து வருவது), அனாமதேயம் (அடையாளம் எதுவும் காட்டாமல் வருவது). அதோடு ஐ.பி. முகவரி, எந்த மென்பொருள் கேட்டது, எந்தக் கன்டெய்னர் என்பதையும் சேர்த்து அடுக்கினால் ஒரு வரைபடம் கிடைத்துவிடும். கீ வழியாக வந்தவற்றில், இரண்டில் எந்தக் கீ என்பதுகூடப் பக்கத்துப் பத்தியில் தெரியும். எங்கள் வரைபடத்தில் பெரும்பகுதி கீ. கொஞ்சம் அனாமதேயம், அது படங்கள் கன்டெய்னர். அப்புறம் யாருடையது என்று எவருக்கும் தெரியாத எஸ்.ஏ.எஸ். டோக்கன்கள் சில, சீராக வந்துகொண்டிருந்தன. ஓஆத் வரிசையில் என்னைத் தவிர அநேகமாக யாரும் இல்லை.

மனிதர்களுக்கு ரோல் (இன்னின்னது செய்யலாம் என்ற அனுமதித் தொகுப்பு) கொடுப்பதிலிருந்து ஆரம்பித்தேன். இங்கேதான் அதிக விவாதம் நடந்தது. அசூரில் இரண்டு தளங்கள் உண்டு. அக்கவுண்டை உருவாக்குவது, அமைப்பை மாற்றுவது, கீயைப் பார்ப்பது எல்லாம் நிர்வாகத் தளம். பிளாபைப் படிப்பது, எழுதுவது தரவுத் தளம். ஓனர், கான்ட்ரிபியூட்டர் ரோல்கள் முதல் தளத்துக்கானவை. ஒருவர் மொத்த சப்ஸ்கிரிப்ஷனுக்கே ஓனராக இருந்தாலும், அந்த ரோலை வைத்துத் தன் என்ட்ரா (மைக்ரோசாஃப்டின் உள்நுழைவுச் சேவை) கணக்கின் பெயரில் ஒரு பிளாபைப் படிக்க முடியாது. அதற்கு ஸ்டோரேஜ் பிளாப் டேட்டா ரீடர், ஸ்டோரேஜ் பிளாப் டேட்டா கான்ட்ரிபியூட்டர் போன்ற தனி ரோல் வேண்டும்.

'நான் கான்ட்ரிபியூட்டர்தான், எனக்கு எல்லாக் கோப்பும் தெரிகிறதே' என்று கூட வேலை செய்பவர் ஒருவர் மறுத்தார். அவர் சொன்னதும் உண்மை. கான்ட்ரிபியூட்டருக்குக் கீயை எடுத்துப் பார்க்கும் உரிமை உண்டு. போர்ட்டல் அந்தக் கீயைப் பயன்படுத்தி அவருக்குக் கோப்புகளைக் காட்டுகிறது. கன்டெய்னர் திரையின் மேல்பகுதியில் அங்கீகார முறை என்னவென்று எழுதியிருக்கும், பக்கத்திலேயே என்ட்ரா கணக்குக்கு மாற்றும் இணைப்பு. மாற்றச் சொன்னேன், உடனே பட்டியல் மறைந்து அனுமதி இல்லை என்று வந்தது. அதன் பிறகு விவாதம் சுருங்கிவிட்டது. தரவுப் பக்கம் எவ்வளவு கறாராக ரோல் பிரித்தாலும், கீயைப் பார்க்கும் உரிமை உள்ளவருக்கு அது தடையே இல்லை. ஆகவே கான்ட்ரிபியூட்டர் பட்டியலையும் சேர்த்தே சுருக்க வேண்டியிருந்தது.

கட்டளை வரியிலும் இதே சங்கதி. ஸ்டோரேஜ் கட்டளைகளில் அங்கீகார முறை லாகின் என்று வெளிப்படையாகக் குறிப்பிடாவிட்டால், அது தானாகவே கீயைத் தேடி எடுத்துக்கொண்டு வேலையை முடித்துவிடப் பார்க்கும். 'ரோல் கொடுத்துவிட்டேன், சோதித்தேன், ஓடுகிறது' என்று யாராவது சொன்னால், எந்த முறையில் சோதித்தீர்கள் என்று கேட்பது இப்போது என் வழக்கம்.

ரோலை எந்த எல்லையில் கொடுப்பது என்பது அடுத்தது. சப்ஸ்கிரிப்ஷன், ரிசோர்ஸ் குரூப், அக்கவுண்ட், தனிக் கன்டெய்னர் என்று எதிலும் கொடுக்கலாம். மேலே கொடுத்தது கீழே தானாக இறங்கும், உரிமைகள் ஒன்றோடொன்று கூடிக்கொண்டே போகும். மேலே எப்போதோ கொடுத்த டேட்டா ரோல் இருந்தால், கன்டெய்னர் மட்டத்தில் ரீடர் மட்டும் என்று வைப்பதில் அர்த்தமில்லை. அதனால் மேல்மட்டத்தில் இருந்ததை முதலில் பார்த்து நீக்கினேன். மனிதர்களுக்கு எல்லாம் குழுக்கள் வழியாகவே கொடுத்தேன்.

செயலிகளுக்கு மட்டும் குழு வேண்டாம் என்று முடிவெடுத்தேன். அவை மேனேஜ்டு ஐடென்டிட்டி (செயலிக்கு அசூரே கொடுத்துப் பராமரிக்கும் அடையாளம்) வழியாக வருகின்றன. ரகசியம் எதையும் கான்ஃபிக்கில் வைக்க வேண்டியதில்லை என்பது பெரிய நிம்மதி. ஆனால் அவற்றின் டோக்கன் ஏறக்குறைய 24 மணி நேரம்வரை கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) இருக்கும். குழுவில் சேர்த்த மாற்றம் அந்தப் பழைய டோக்கனில் தெரியாமல், பல மணி நேரம் கழித்துத்தான் பலிக்கும். ஐடென்டிட்டிக்கே நேரடியாகக் கன்டெய்னர் மட்டத்தில் ரோல் கொடுத்தால், வழக்கமாகப் பத்து நிமிடத்துக்குள் வேலை செய்யத் தொடங்கிவிடும். அந்தப் பத்து நிமிடமும் பொறுமையைச் சோதிக்கும். 403 (அனுமதி மறுப்பு) வந்துகொண்டே இருக்கும், ரோல் தவறோ என்று நினைத்து மாற்றினால் குழப்பம் இரட்டிப்பாகும்.

403 என்ற எண்ணை மட்டும் பார்த்தால் எதுவும் புரியாது, அதோடு வரும் பிழைப் பெயரைப் படிக்க வேண்டும். 'ஆதரைசேஷன் பெர்மிஷன் மிஸ்மேட்ச்' என்றால் ஆள் யாரென்று தெரிந்துவிட்டது, ரோல் போதவில்லை. 'ஆத்தென்டிகேஷன் ஃபெயில்டு' என்றால் பெரும்பாலும் டோக்கனின் கையெழுத்தோ காலமோ சரியில்லை. வெறும் 'ஆதரைசேஷன் ஃபெயிலியர்' என்றால் நான் முதலில் நெட்வொர்க் விதிகளைப் பார்ப்பேன். பூட்டிய கன்டெய்னரை அனாமதேயமாகத் தட்டினால் 404 வரும், அதாவது அப்படி ஒன்று இருப்பதாகவே காட்டிக்கொள்ளாது.

சரி, வெளியாட்கள். ஒரு வெளி நிறுவனம் எங்கள் கன்டெய்னர் ஒன்றில் தினமும் கோப்பு போடும். அவர்களிடம் இருந்தது, அக்கவுண்ட் கீயால் கையெழுத்திட்ட ஒரு எஸ்.ஏ.எஸ். யு.ஆர்.எல். படிக்க, எழுத, அழிக்க, பட்டியலிட எல்லாவற்றுக்கும் உரிமை, முடிவுத் தேதி பல வருடம் தள்ளி. யாருடையது என்று தெரியாதிருந்த டோக்கன்களில் ஒன்றின் சொந்தக்காரர் இப்படித்தான் அகப்பட்டார். இந்த வகை டோக்கனை வெளியிட்ட பிறகு, அதை மட்டும் தனியாக ரத்து செய்ய வழி கிடையாது. கையெழுத்திட்ட கீயை மாற்றினால் போகும், கூடவே அந்தக் கீயால் கையெழுத்திட்ட மற்ற எல்லாமும் போகும்.

ரத்து செய்யும் வசதியோடு கொடுக்க வேண்டுமென்றால் இரண்டு வழி தென்பட்டது. ஒன்று, கன்டெய்னரில் ஸ்டோர்டு ஆக்சஸ் பாலிசி (உரிமையையும் காலத்தையும் கன்டெய்னரிலேயே எழுதி வைக்கும் விதி) வைத்து, டோக்கனை அதோடு கட்டுவது. பாலிசியை நீக்கினால் டோக்கன் அரை நிமிடத்துக்குள் செத்துவிடும். ஒரு கன்டெய்னருக்கு ஐந்து பாலிசி வரை வைக்கலாம். வெளி நிறுவனத்துக்கும் இது வசதி, மாதக்கணக்கில் ஒரே டோக்கன். இன்னொன்று, யூசர் டெலிகேஷன் எஸ்.ஏ.எஸ். இதில் கையெழுத்து கீயால் அல்ல, என்ட்ரா அடையாளத்தால் கிடைக்கும் டெலிகேஷன் கீயால். அதன் ஆயுள் அதிகபட்சம் 7 நாள்.

வசதியைப் பார்த்தால் முதலாவதுதான். ஆனால் கடைசியில் நான் கீயையே மூட நினைத்திருந்தேன், அப்படி மூடினால் கீயால் கையெழுத்திட்ட எஸ்.ஏ.எஸ். எதுவும் ஓடாது, பாலிசி இருந்தாலும் இல்லாவிட்டாலும். அதனால் இரண்டாவது. அவர்களுடைய அமைப்பு எங்களிடம் கேட்கும்போது ஒரு மணி நேரத்துக்கான டோக்கனைத் தயாரித்துக் கொடுக்கும் சின்ன ஃபங்ஷன் ஒன்றை எழுதினோம்.

இந்த ஃபங்ஷனின் ஐடென்டிட்டிக்கு அந்த ஒரு கன்டெய்னரில் டேட்டா கான்ட்ரிபியூட்டர் கொடுத்தது போதவில்லை. டெலிகேஷன் கீயைக் கேட்டுப் பெறுவது அக்கவுண்ட் மட்டத்துச் செயல். கன்டெய்னர் மட்டத்து ரோல் அதற்கு எட்டாது. அக்கவுண்ட் மட்டத்தில் ஸ்டோரேஜ் பிளாப் டெலிகேட்டர் என்ற ரோலையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அந்த ரோல் டெலிகேஷன் கீயைக் கேட்கும் உரிமை மட்டுமே தரும், எந்தத் தரவையும் திறக்காது. அதனால் தயக்கமில்லாமல் கொடுத்தேன். டோக்கனில் என்னதான் எழுதினாலும், கையெழுத்திட்ட ஐடென்டிட்டிக்கு இல்லாத உரிமை டோக்கனுக்கும் கிடைக்காது. எனக்கு இந்த ஏற்பாடு பிடித்ததற்கு முக்கியக் காரணமே அதுதான்.

உரிமை எழுத்துகளில் உருவாக்கு என்பதற்கு 'சி', எழுது என்பதற்கு 'டபிள்யூ'. சி மட்டும் இருந்தால் புதிய பிளாப் போடலாம், இருப்பதன் மேல் எழுத முடியாது. கோப்பு போட்டுவிட்டுப் போகும் வெளியாளுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. ஆனால் அவர்களுடைய கருவி, ஏற்றுவதற்கு முன் அதே பெயரில் கோப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஏற்றும், எனவே படி என்பதற்கான 'ஆர்' எழுத்தையும் சேர்த்தோம். பட்டியலிடும் உரிமையை மட்டும் தரவில்லை. ஆரம்ப நேரத்தைப் பதினைந்து நிமிடம் முன்தேதியிட்டோம். இரண்டு கணினிகளின் கடிகாரங்கள் கொஞ்சம் வேறுபட்டால், 'இப்போதிலிருந்து' என்று கொடுத்த டோக்கன் இன்னும் தொடங்கவில்லை என்று திரும்பிவிடும்.

படங்கள் கன்டெய்னருக்கு வருகிறேன். அனாமதேய அணுகலில் இரண்டு அளவு உண்டு. பிளாப் அளவில் வைத்தால், முகவரி தெரிந்த கோப்பை யாரும் படிக்கலாம். கன்டெய்னர் அளவில் வைத்தால், உள்ளே என்னென்ன இருக்கிறது என்ற பட்டியலையே யாரும் எடுக்கலாம். எங்களிடம் இருந்தது இரண்டாவது. இணையதளத்துக்குப் பட்டியல் எதற்கு? உடனே பிளாப் அளவுக்குக் குறைத்தோம், எதுவும் உடையவில்லை. ஆனால் அனாமதேய அணுகலை அனுமதிக்கலாமா என்ற மேல் சுவிட்ச் அக்கவுண்ட் முழுவதற்கும் ஒன்றுதான். ஒரு கன்டெய்னருக்காக அதைத் திறந்து வைத்தால், பேக்கப் கன்டெய்னரையும் யாராவது ஒரு கிளிக்கில் ஊருக்குத் திறந்துவிட முடியும். அதனால் பொதுக் கோப்புகளைத் தனி அக்கவுண்டுக்கு நகர்த்திவிட்டு, இதில் சுவிட்சை மூடினேன். பொதுவானதையும் பூட்டியதையும் ஒரே அக்கவுண்டில் வைப்பதற்கு எனக்கு நல்ல காரணம் எதுவும் தெரியவில்லை. அமேசானின் கோப்புச் சேமிப்புச் சேவையான எஸ்3 பக்கமும் இதே திசைதான்: 2023 ஏப்ரல் முதல் புதிய பக்கெட்டுகளில் (அங்கே கன்டெய்னருக்கு இணையானவை) பொது அணுகலைத் தடுக்கும் அமைப்பு இயல்பாகவே இயங்குகிறது, ஏ.சி.எல்.கள் (பழைய பாணி அனுமதிப் பட்டியல்கள்) அணைந்தே வருகின்றன. பழைய பக்கெட்டுகளை உரியவர்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மீதி இருந்தது கீ. லாகில் அக்கவுண்ட் கீ என்ற விடை நாளுக்கு நாள் குறைந்து வந்தது. இந்தக் கட்டத்தில் இரண்டு கீயையும் மாற்றிவிட்டால் முடிந்தது என்று சிலர் சொன்னார்கள். நான் வரிசையைத் திருப்பிப் போட்டேன். மாற்றிய கீயைத் திரும்பப் பெற முடியாது. ஏதாவது நின்றுபோனால் அது எங்கே என்று கண்டுபிடிக்கும்வரை நின்றேதான் கிடக்கும். ஷேர்டு கீ அணுகலை, அதாவது ஆக்சஸ் கீ வழி அணுகலை, அனுமதிக்கும் அமைப்பை அணைத்தால், அதே விளைவு கிடைக்கும், தேவைப்பட்டால் மறுபடி போட்டும்விடலாம். எனவே முதலில் அதை அணைத்தேன். கீயோடு வருபவர்களுக்கு, கீ வழி அங்கீகாரத்துக்கு இங்கே அனுமதியில்லை என்று தெளிவான பெயரோடு 403 போகும். அந்தப் பிழையையே லாகில் தேடி, விட்டுப்போன ஒன்றிரண்டு ஸ்கிரிப்டுகளைப் பிடித்தோம். சுவிட்சை மறுபடி போட்டு, அவற்றைச் சரிசெய்து, மீண்டும் அணைத்தோம். அந்தப் பிழை வருவது நின்ற பிறகுதான் இரண்டு கீயையும் மாற்றினேன்.

ஒன்று மட்டும் பிடிவாதமாக நின்றது. அதே அக்கவுண்டில் இருந்த ஒரு ஃபைல் ஷேரை, ஒரு பழைய சர்வர் கீயை வைத்து எஸ்.எம்.பி. என்ற கோப்புப் பகிர்வு முறை வழியாக மவுண்ட் செய்திருந்தது, அதாவது தன் சொந்த டிஸ்க் போல இணைத்திருந்தது. பிளாப் லாகை மட்டும் பார்த்தால் இது கண்ணில் படாது, ஃபைல் சேவைக்குத் தனி டயக்னாஸ்டிக் செட்டிங் இருக்கிறது. நல்லவேளையாக ஷேர் இருப்பது முன்பே தெரிந்ததால் அதையும் இயக்கியிருந்தோம். அந்த சர்வரில் அடையாள முறையை மாற்றுவது பெரிய வேலை, அதற்கு நேரமும் இல்லை, ஆளும் இல்லை. ஷேரைத் தனி அக்கவுண்டுக்கு நகர்த்தி, அங்கே கீயைத் திறந்தே விட்டு, நெட்வொர்க் விதியில் அந்த சர்வரின் சப்நெட்டை (அது இருக்கும் நெட்வொர்க் பகுதியை) மட்டும் அனுமதித்திருக்கிறேன். சர்வரை மாற்றும்வரை அந்த ஏற்பாடு அப்படியே இருக்கும்.