அம்மா பாக்கி வைத்த நடை

அம்மா போய்ச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. கடைசி வாரத்தில் அவர் பேசியதில் பாதி எங்களுக்குப் புரியவில்லை. புரிந்தது ஒன்றுதான். "கருமத்தம்பட்டிக் கடன் பாக்கி இருக்கிறது, கண்ணு." மூன்று நாளில் நான்கு முறை சொன்னார்.

என்ன கடன் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். என் மகனுக்கு ஏழு வயதில் டெங்கு வந்தது. தட்டணுக்கள் 22,000-க்கு இறங்கிவிட்டன. மருத்துவர் முகம் பார்த்துப் பேசவில்லை. அன்று மதியம் ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து அம்மா கருமத்தம்பட்டிக் கோவில் ஜெபமாலை மாதாவுக்கு நேர்ந்துகொண்டார். பிள்ளை பிழைத்தால் திருப்பூரிலிருந்து கருமத்தம்பட்டிக்குச் செருப்பில்லாமல் நடந்து வருவேன். கோவில் வாசலை மிதிக்கும்வரை வாயில் எதுவும் வைக்க மாட்டேன். வழியில் 53 மணி ஜெபமாலையை, மணிக்கொரு 'அருள் நிறைந்த மரியே' மந்திரமாக, மூன்று முறை சொல்வேன். பிள்ளை பிழைத்தான். அடுத்த வருடமே அம்மாவுக்கு முழங்கால் தேய்ந்துபோனது. ஒவ்வொரு அக்டோபரிலும் பஸ்ஸில் போய்ப் பூசை கண்டுவிட்டு, "இது கணக்கில் சேராது" என்று சொல்லிக்கொண்டே திரும்புவார். பதின்மூன்று வருடம் அப்படியே போனது.

நான் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறவள். இருபது வருடமாக விட்டுப்போன தையலையும் எண்ணெய்க் கறையையும் தேடித் தேடி, கண்ணோடு புத்தியும் அந்த வேலைக்கே பழகிவிட்டது. அம்மாவின் நேர்ச்சையையும் அந்தக் கண்ணால்தான் பார்த்தேன். செருப்பு, சாப்பாடு, ஜெபமாலை. மூன்றில் ஒன்று பிசகினாலும் மொத்தமும் தள்ளுபடி.

நாங்கள் கத்தோலிக்கர். என் நாத்தனார் ஈரோட்டில் சி.எஸ்.ஐ. என்ற புராட்டஸ்டன்ட் சபைக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். விஷயத்தைக் கேட்டதும் போனில் பிடித்துக்கொண்டாள். "கிருபை வந்த பிறகும் பழைய சட்டமான நியாயப்பிரமாணத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பானேன், அண்ணி? பைபிளில் கலாத்தியருக்குப் பவுல் அவ்வளவு கோபமாக எழுதியது இதற்குத்தானே?" அவள் கிருபை என்பாள், நாங்கள் அருள் என்போம், இந்தச் சண்டை எங்களுக்குள் பழையது. "அம்மா பவுலுக்கு வாக்குக் கொடுக்கவில்லை, மாதாவுக்குக் கொடுத்தார்" என்று சொல்லி வாயை அடைத்தேன். ஆனாலும் அவள் கேட்டது வழியில் வரும் மங்கலம் வரை என்னோடு நடந்து வந்தது.

அக்டோபர் முதல் ஞாயிறு, தேர்த் திருநாள் அன்று அதிகாலை மூன்று மணிக்குப் புறப்பட்டேன். மகனும் வந்தான். இருபது வயது, காதில் பாட்டு, காலில் நீல வார் வைத்த ரப்பர் செருப்பு. "நேர்ச்சை என் பெயரில்தானே, நான் இல்லாமலா?" என்றான். கோவிலுக்கு இழுத்தாலும் வராதவன். துணைக்கு ஆள் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மங்கலத்துக்கு முன்பே முதல் ஜெபமாலை முடிந்தது. முடிந்தது என்றால், எண்ணிக்கை தவறியதாகச் சந்தேகம் வந்த பத்துகளை, பத்து மணித் தொகுதிகளை, எல்லாம் மறுபடி முதலிலிருந்து சொல்லி முடித்தேன். அதிலேயே இன்னொரு அரை ஜெபமாலை போயிருக்கும்.

சாமளாபுரம் குளத்துப் பக்கம் வந்தபோது நன்றாக விடிந்துவிட்டது. ஒரு டீக்கடை வாசலில் சாணம் தெளித்துக்கொண்டிருந்த பாட்டி என் வெறுங்காலைப் பார்த்து, "பழனிக்கா, அம்மணி?" என்றார். கருமத்தம்பட்டிக்கு என்றேன். "அங்கேயும் சாமிதானே. உட்காருங்கள், டீ போடுகிறேன். காசு வேண்டாம்." நேர்ச்சை, குடிக்கக் கூடாது என்றேன். "தண்ணீராவது?" தண்ணீர் கணக்கில் வருமா வராதா என்று அம்மா சொல்லிவிட்டுப் போகவில்லை. எதற்கு வம்பு என்று அதையும் மறுத்தேன். நீட்டிய செம்பை அவர் மெதுவாகத் திண்ணையில் வைத்தார். அந்த முகம் வாடியது எனக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்தும் நடந்தேன்.

சாமளாபுரம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் லாரிக்கு ஒதுங்கியபோது குதிகாலில் சீமைக்கருவேல முள் ஏறிவிட்டது. பிடுங்கினேன், நுனி உள்ளேயே முறிந்துகொண்டது. இரண்டடி வைத்ததும் உச்சந்தலை வரை வலித்தது. மகன் என்னைச் சிறுபாலத்துச் சுவரில் உட்கார வைத்து, ரோட்டு மண்ணிலேயே சப்பணமிட்டு, என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டான். பாட்டில் தண்ணீரை ஊற்றிக் கழுவினான். பித்தவெடிப்பில் ஏறியிருந்த மண் செம்மண் குழம்பாக அவன் பேன்ட்டில் வழிந்தது. என் ரவிக்கையில் மாதா பதக்கம் மாட்டியிருந்த ஊக்கைக் கேட்டு வாங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு, சின்ன வயதில் கணக்குப் போடுவானே அதே முகத்தோடு, தோலை நெம்பினான். முள் நுனி கறுப்பாக வெளியே வந்தது. ஒரு மிளகு அளவுகூட இல்லை. அதைத் தன் உள்ளங்கையில் வைத்து எனக்குக் காட்டினான்.

பிறகு தன் செருப்பைக் கழற்றி என் காலில் மாட்டினான்.

"டேய், நேர்ச்சையடா!"

"செருப்பில்லாமல் நடக்க வேண்டும் என்றுதானே அமுச்சி சொன்னார்? யார் நடக்க வேண்டும் என்று சொன்னாரா? எனக்காக நேர்ந்தது. நான் நடக்கிறேன்."

சட்டத்தில் ஓட்டை கண்டுபிடிக்கிற வக்கீல் போலப் பேசினான். பதில் சொல்ல எனக்கு வரவில்லை. அவன் காதிலிருந்து பாட்டு எப்போது இறங்கியது என்று நான் கவனிக்கவில்லை.

சோமனூர் வரும்போது வெயில் ஏறிவிட்டது. இருபக்கமும் விசைத்தறிச் சத்தம். எங்கள் அப்பாவும் தறி ஓட்டியவர்தான். ஊடை அறுந்தால் தறி தானாக நின்றுவிடும், நிற்கிற அந்த ஒரு கணத்தில் அப்பா தலை நிமிர்வார். அந்தச் சத்தத்தில் வளர்ந்தவளுக்கு ஜெபம் தடையில்லாமல் ஓடியிருக்க வேண்டும். இரண்டாவது ஜெபமாலையின் மூன்றாம் பத்தில் அறுந்தது, அறுந்ததுதான். முன்னால் போகிற அவன் குதிகாலையே பார்த்துக்கொண்டு வந்தேன். பட்டணத்துக் கால். தார் சுடும்போது ஓரத்துப் புல்லுக்குத் தாவினான். புல்லில் கல் குத்தியதும் மறுபடி தாருக்கு வந்தான். ஒவ்வொரு வேப்பமர நிழலிலும் கொக்கு மாதிரி ஒற்றைக்காலில் நின்றான். பின்னால் நான், எனக்குப் பெரிதான செருப்பில் சளக் சளக் என்று. மாதாவே, இந்தக் கோலத்தில்தான் உன்னிடம் வந்தேன்.

கருமத்தம்பட்டிக் கூட்டத்தைப் பற்றி எழுதினால் பாவம் சேரும். கோவிலுக்குப் பசிலிக்கா என்ற சிறப்புப் பட்டம் கிடைத்த பிறகு இரண்டு மடங்கு. மெழுகுவர்த்திக்காரர்கள் கையைப் பிடித்து இழுக்கிறார்கள். வாசலில் முப்பது ரூபாய் சொன்னது பத்தடி தள்ளிப் பதினைந்து. "வரிசை வேண்டாம், இருநூறு கொடுங்கள், பக்கவாட்டில் விடுகிறேன்" என்று ஒருவன். அவனிடம் என் மகன் பேரம் பேசத் தொடங்கியதும் நான் முதுகில் ஒன்று வைத்தேன். முன்னால் நின்றவர்கள் மாதாவைப் பார்க்கவில்லை, மாதாவைப் பார்க்கிற போனைப் பார்த்தார்கள்.

சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத்துக்கு வெயிலில் ஒரு மணி நேரம் நின்றேன். நிற்கும்போது எனக்கு மெல்கியோர் தெ மரியோன் பிரெசியாக் ஆண்டவர் ஞாபகம் வரும், அவர் கதை எனக்குப் பிடிக்கும். பிரான்ஸிலிருந்து வந்தவர். 1846 அக்டோபர் 4 அன்று இதே கருமத்தம்பட்டியில்தான் ஆயராக அபிஷேகம் பெற்றார். அதுவும் அக்டோபர் முதல் ஞாயிறுதான். கோயம்புத்தூர் மறைவட்டத்தின் முதல் பொறுப்பாளர். சாதி வழக்கங்களில் எதை விடலாம், எதைத் தள்ள வேண்டும் என்ற மலபார் சடங்குச் சண்டை அப்போது பெரிது. 1744-லேயே ரோமாபுரி ஆணை போட்டிருந்தது. அதைக் காப்போம் என்று குருக்கள் சத்தியம் செய்ய வேண்டும். ஆணை ஒரு பக்கம் இழுத்தது, மனசாட்சி ஒரு பக்கம் இழுத்தது. கடைசியில் பதவியை விட்டுவிட்டுப் போய்விட்டார். போனவர் சும்மா இருந்தாரா? 1856-இல் லியோனில் ஆப்பிரிக்காவுக்கென்று ஒரு சபையைத் தொடங்கி, 1859-இல் தானே சியரா லியோனுக்குக் கப்பலேறி, இறங்கிய ஆறே வாரத்தில் காய்ச்சலில் இறந்துபோனார். சட்டத்தை மீறவும் முடியாமல் அதனோடு வாழவும் முடியாமல் தவித்த மனிதர் நின்ற மண்ணில் நானும் என் இரண்டு ரப்பர் செருப்போடு நின்றேன்.

பாவசங்கீர்த்தனத்தில் பேசியதைச் சாமியார்தான் வெளியே சொல்லக் கூடாது, நான் சொல்லலாம். பத்துக் கட்டளைகளை வரிசையாகப் பார்த்து, சொல்ல வேண்டியதைச் சொல்லி, கடைசியில் பெரிதை வைத்தேன். "அம்மாவின் நேர்ச்சையை முறித்துவிட்டேன், சாமி. பாதி வழியில் செருப்புப் போட்டேன். ஜெபமாலை ஒன்றரைதான் ஆனது." டீக்கடைப் பாட்டியையும் போகிற போக்கில் சொன்னேன்.

"நேர்ந்துகொண்டது யார்?"

"என் அம்மா. பிப்ரவரியில் இறந்துவிட்டார்."

"அப்படியானால் இது உங்கள் பாவம் இல்லையே, அம்மா. நேர்ச்சை நேர்ந்துகொண்டவரை மட்டும்தான் கட்டும். திருச்சபைச் சட்டம் 1193." சாமியார் சட்டம் படித்தவர் போலும், எண்ணோடு சொன்னார். "முழங்கால் போனதும் உங்கள் அம்மாவே அதை வேறொரு நல்ல காரியமாக மாற்றிக்கொண்டிருக்கலாம். அதற்கும் சட்டம் இடம் தருகிறது."

எனக்குக் கோபம்தான் வந்தது. பதின்மூன்று வருடம் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து, 'கணக்கில் சேராது, கணக்கில் சேராது' என்று அழுத அம்மாவிடம் இதை ஒருவரும் சொல்லவில்லையே. அம்மாவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. சட்டம் கட்டும் என்று மட்டும் தெரிந்த வீடு எங்களுடையது. அதே சட்டம் அவிழ்த்தும் விடும் என்று யாருக்குத் தெரியும்?

"அப்படியானால் இன்று நான் நடந்தது எதில் சேரும், சாமி?"

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அந்தப் புத்தகத்தில் 1752 சட்டங்கள் இருக்கின்றன. கடைசிச் சட்டம் ஆன்மாக்களின் மீட்புதான் எல்லாவற்றுக்கும் மேலான சட்டம் என்பதில் முடிகிறது. எனக்கு உங்கள் செருப்பு உறுத்தவில்லை. அந்தப் பாட்டியின் டீதான் உறுத்துகிறது. போகும்போது குடித்துவிட்டுப் போங்கள்." அபராதமாக மாதா முன்னால் ஒரே ஒரு அருள் நிறைந்த மரியே. "ஒன்றுதான். ஆனால் மெதுவாக."

ஒன்று! மூன்று ஜெபமாலைக்குக் கிளம்பி வந்தவளுக்கு ஒன்று!

மாதா முன்னால் தள்ளுமுள்ளு. தூணோரம் ஓர் ஆள் நிற்கிற இடம் கிடைத்தது. கையில் பாலனோடும் ஜெபமாலையோடும் மாதா. 'அருள்' என்று தொடங்கினேன். அதற்கு மேல் வாய் வரவில்லை. சின்ன வயதில் படித்த பழைய மந்திரத்தைத்தான் அம்மா கடைசிவரை சொல்வார், 'பிரியதத்தத்தினாலே பூரண மரியே வாழ்க' என்று. நாங்கள் கிண்டல் செய்வோம், அது என்ன பிரியதத்தம், வாயில் நுழையாத வார்த்தை என்று. பிரியத்தோடு தத்தமாகக் கொடுத்தது. கூலியாக அல்ல. இயேசுவைப் பெறுவாய் என்று சொல்ல வந்த சம்மனசு, அந்தத் தேவதூதன், மாதாவை அப்படித்தான் கூப்பிட்டது. அவள் 'ஆகட்டும்' என்று சொன்னது அதற்கெல்லாம் பிறகு. இத்தனை வருடத்தில் எத்தனை ஆயிரம் முறை சொல்லியிருப்பேன்! எண்ணத்தான் எண்ணினேன், ஒரு முறையும் காதில் விழவில்லை.

அப்போதுதான் அந்தத் தாள் ஞாபகம் வந்தது. அடக்கம் முடிந்து அம்மாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது மகனின் பழைய ஆஸ்பத்திரித் தாள்கள் இருந்தன. காலை 6 மணி, 22,000. பகல் 11 மணிக்கு எடுத்த ரத்தம், 31,000. அந்த முடிவு எங்கள் கைக்கு வந்தது மாலையில். அம்மா நேர்ந்துகொண்டது பன்னிரண்டு மணிக் கோவில் மணி அடித்த பிறகு. செக்கிங் கண் அதை உடனே பார்த்துவிட்டது. பார்த்த கை அதை மடித்துப் பெட்டியிலேயே வைத்துவிட்டது. அம்மா நேர்வதற்கு முன்பே நீ கொடுத்துவிட்டாயா, தாயே? அம்மாவுக்கு இப்போது தெரியுமா? அங்கே சொன்னாயா?

ஒரே ஒரு மந்திரம். முடிக்க எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. பின்னால் இருந்தவர்கள் திட்டினார்கள். மகன் என் தோளுக்கு மேல் கையை நீட்டிக் கூட்டத்தைத் தாங்கிக்கொண்டு நின்றான். அவனும் ஏதோ முணுமுணுத்தான். என்னவென்று நான் கேட்கவில்லை. நன்றி மாதாவே, நன்றி, நன்றி. பிள்ளைக்கு நன்றி, முள்ளுக்கும் நன்றி.

தேர் பவனி முடிந்து வாசலுக்கு வந்தால் செருப்பைக் காணோம். நூற்றுக்கணக்கான செருப்புகளுக்கு நடுவில் அந்தப் பழைய நீல வார் செருப்பில் எவனுக்கு என்ன ஆசையோ! மகன் சிரிப்பை அடக்க முடியாமல் மதிலில் சாய்ந்துகொண்டான். "அமுச்சிதான் எடுத்திருப்பார், அம்மா." பஸ் நிற்கும் இடம் வரை இருவரும் வெறுங்காலோடு நடந்தோம்.

திருப்பூருக்கு டிக்கெட் எடுத்திருந்தும் சாமளாபுரத்தில் இறங்கினோம். பாட்டி கடையை மூடத் தட்டியைத் தூக்கிக்கொண்டிருந்தார். எங்கள் நான்கு கால்களையும் மேலும் கீழும் பார்த்தார்.

"காலையில் தம்பி காலில் செருப்பு இருந்ததே, அம்மணி?"

"போய்விட்டது, பாட்டி. டீ இருக்கிறதா?"

தட்டியைக் கீழே வைத்துவிட்டு அடுப்பை மறுபடி மூட்டினார். பால் பொங்கும்வரை நாங்கள் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். டீயில் சர்க்கரை இரண்டு பங்கு. குடித்து முடித்து முந்தானை முடிச்சை அவிழ்த்து ரூபாயை நீட்டினேன். காலையில் சொன்னதையே மறுபடி சொன்னார்.