மூன்றில் ஒரு பின்ட் போதும்

பிரிட்டனில் ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் வெதர்ஸ்பூன் பப்களில் வசந்தத்தில் ஒருமுறை, இலையுதிர் காலத்தில் ஒருமுறை ரியல் ஏல் திருவிழா நடக்கும். பத்துப் பன்னிரண்டு நாள், சுமார் 30 வகை காஸ்க் ஏல், அதாவது பீப்பாயிலேயே பக்குவமாகும் பீர். எல்லாம் ஒரே நாளில் ஒரே பப்பில் கிடைக்காது, ஒரு பீப்பாய் தீர்ந்த பிறகுதான் அடுத்தது ஏறும், அதனால் பட்டியலைப் பார்த்து ஆசைப்பட்ட ஏல் நாம் போகும் நாளில் இருக்குமா என்பது அதிர்ஷ்டம்தான். இங்கிலாந்துக்குப் படிக்கவும் வேலைக்கும் வந்த நம்ம ஆட்கள் பலரும் சில்லென்று நுரைக்கும் லாகர் பீரோடு நின்றுவிடுகிறார்கள். கேட்டால் 'ஏல் சூடா இருக்கும், கேஸே இருக்காது' என்பார்கள். அது சூடு இல்லை. பப்புக்குக் கீழே பீப்பாய்களை வைக்கும் செல்லரின் குளிர்ச்சி, 11 முதல் 13 டிகிரி. அதைவிடக் குளிர்ந்தால் மால்ட்டின், அதாவது முளைகட்டிய பார்லியின் ருசி நாக்குக்கே எட்டாது.

காஸ்க் ஏல் உயிரோடு இருக்கிற சரக்கு. பீப்பாய்க்குள் ஈஸ்ட் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும், வெளியிலிருந்து கேஸ் ஏற்ற மாட்டார்கள், அதற்குள்ளேயே உண்டாகும் மெல்லிய நுரைப்புதான். மரத்திலிருந்து இறக்கிய கள் எப்படி அன்றன்றைக்கு மாறிக்கொண்டே போகுமோ, அப்படித்தான் இதுவும். திறந்த பீப்பாயை மூன்று நாளுக்குள் விற்றுவிட வேண்டும், இல்லாவிட்டால் காற்றுப் பட்டுப் புளித்துவிடும். ஃபிர்கின் என்கிற ஒரு பீப்பாய் 9 காலன், அதாவது 72 பின்ட், அதை மூன்று நாளில் காலி செய்யக் கூட்டம் வேண்டும். பெரிய நிறுவனங்கள் வெளியிலிருந்து கேஸ் ஏற்றும் கெக் பீருக்கு மாறி, இந்த முறையே அழிந்துவிடும் போலிருந்த காலத்தில்தான், 1971இல், காம்ரா என்ற குடிப்பவர்களின் இயக்கம் தொடங்கியது. அவர்கள் விடாமல் போராடியதால்தான் இன்று நமக்கு இந்தக் கோப்பை. (சைவக்காரர்கள் கவனிக்க: ஏலைத் தெளிய வைக்கப் பல இடங்களில் மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பசை சேர்ப்பார்கள். கேட்டுவிட்டுக் குடியுங்கள்.)

சரி, முப்பது வகையை எப்படிச் சமாளிப்பது? அதற்குத்தான் மூன்றில் ஒரு பின்ட், கிட்டத்தட்ட 189 மில்லி. சட்டப்படியே உள்ள அளவு. மூன்று சின்னக் கோப்பையை ஒரு பின்ட் விலைக்கே தருவார்கள். என்னைக் கேட்டால் திருவிழாவில் முழு பின்ட் வாங்குவது வீண்.

வரிசை முக்கியம். பலரும் எடுத்த எடுப்பிலேயே ஆல்கஹால் 6 சதவீதத்துக்கு மேலான, கறுத்துக் கனத்த ஸ்டவுட்டை வாங்கிவிடுகிறார்கள், அப்புறம் வரும் எதுவும் நாக்கில் ஏறாது. மைல்டில் தொடங்குங்கள். நடு இங்கிலாந்தின் மிட்லாண்ட்ஸ் பக்கம் சுரங்கத்திலும் உலையிலும் வேலை பார்த்தவர்கள் குடித்த ஏல் அது, பெரும்பாலும் 4 சதவீதத்துக்குள்தான் இருக்கும். பார்மெய்ட் கைப்பிடியைப் பிடித்து நிதானமாக இழுக்கும்போது முதலில் கலங்கலாக விழும், கொஞ்ச நேரத்தில் அடியிலிருந்து தெளிந்துகொண்டே மேலேறும், வெளிச்சத்தில் பிடித்தால் கறுப்புக்குள் செம்பு நிறம் தெரியும். வறுத்த தானியம், லேசான சாக்லேட், முடிவில் கசப்பே இல்லாத ஓர் இனிப்பு. அதற்கு அடுத்து கசப்பு கூடிய பிட்டர், அப்புறம் கோல்டன் ஏல். தென்கிழக்கு இங்கிலாந்தின் கென்ட்டில் விளையும் கோல்டிங்ஸ் ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) போட்டதாக இருந்தால் விடாதீர்கள். கறுப்பு வகைகளான போர்ட்டரும் ஸ்டவுட்டும் கடைசிக்கு.

வெளிநாட்டு ப்ரூவர்களை அழைத்து இங்குள்ள ப்ரூவரிகளிலேயே காய்ச்ச வைப்பதும் இந்தத் திருவிழாவில் உண்டு, அவற்றில் ஒன்றையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். எந்தக் கோப்பையிலாவது வினிகர் வாடை வந்தால் கூச்சப்படாமல் கவுன்டரில் சொல்லுங்கள், மாற்றித் தருவது இங்கே வழக்கம். போவது என்றால் கூட்டம் அதிகமுள்ள கிளைக்கே போங்கள். உட்கார இடம் கிடைக்காது, ஆனால் அங்கேதான் பீப்பாய் சீக்கிரம் தீரும், கோப்பைக்கு வருவதும் புதுசாக இருக்கும்.