பத்தில் எட்டுப் பொருத்தம், நாளுக்கு 55 நிமிஷம்

2024 ஜூன் 23, ஞாயிறு

வைகாசியில் கல்யாணம். பத்துப் பொருத்தத்தில் எட்டு, ரஜ்ஜு தட்டவில்லை. மாப்பிள்ளைக்குத் திருநெல்வேலி, பெண்ணுக்குப் பவானி, குடித்தனம் சென்னையில். இருவரும் சம்மதித்ததால்தான் எழுதுகிறேன், பெயர் வேண்டாம்.

அவனுக்கு அமெரிக்க நேரத்தில் வேலை. மாலை 5.15க்குக் கம்பெனி வண்டி வரும், விடிகாலை 4.15க்கு வீடு. அவள் பள்ளி ஆசிரியை. 5 மணிக்கு எழுந்து 7.15க்குக் கிளம்பினால் மாலை 4.20க்குத்தான் திரும்புவாள். இருவரும் விழித்தபடி ஒரே வீட்டில் இருப்பது வேலை நாளில் 55 நிமிஷம். தினப் பொருத்தம் பார்த்தவர்கள் யாரும், தினம் எத்தனை மணிக்குத் தூங்குவீர்கள் என்று கேட்கவில்லை.

ஜூலை 6, சனி

முதல் மாதச் சண்டைகளில் பாதி தூக்கம் போதாததால் வருவது. குணம் சரியில்லை என்று பெயர் வைத்துவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

இந்த வீட்டில் இரண்டு சத்தம். 4.15க்குக் கிரில் கதவின் கீல், 6 மணிக்கு மிக்ஸி. கீலுக்குத் தையல் மெஷின் எண்ணெய் நாலு சொட்டு. சட்னியை முந்தின மாலையே தாளிக்காமல் அரைத்து ஃபிரிட்ஜில் வைத்து, காலையில் தாளித்துக்கொள்வது. ஜன்னலுக்குக் கறுப்புத் துணியில் உள்பக்கம் இன்னொரு திரை. பகலில் தூங்குகிறவனுக்கு வெளிச்சம்தான் எதிரி.

அந்த 55 நிமிஷத்துக்கு மூன்று ஏற்பாடு. டீ அவன் போடுவது, மதியமே எழுந்துவிடுகிறானே. அவள் முகம் கழுவி உட்காரும்வரை கேள்வி கிடையாது. வாடகை, சீட்டுப் பணம், மாமியார் போன் எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்து ஞாயிறு 11 மணிக்கு. மூன்றாவதுதான் முதலில் உடையும். நோட்டை எடுக்கச் சோம்பல் பட்டு, வண்டி ஹாரன் அடிக்கும் நேரத்தில் வாடகையைப் பேசினார்கள். பாதிச் சண்டையை எடுத்துக்கொண்டு அவன் வேலைக்குப் போனான்.

ஜூலை 17, புதன், ஆடி 1

மொகரம் விடுமுறை, அவள் வீட்டில். பவானிப் பக்கம் இன்று தேங்காய் சுடுவார்கள். நெல்லைக்காரனுக்கு இது புதுசு.

முற்றிய தேங்காயின் நாரை உரித்து, ஓட்டைச் சொரசொரப்பான தரையில் வழவழப்பாகும்வரை தேய்க்க வேண்டும். நார் மிச்சமிருந்தால் அந்த இடம் முதலில் கருகும். ஒரு கண்ணைத் துளைத்துத் தண்ணீரை வடித்து, ஊறிய பச்சரிசி, வறுத்த பாசிப்பருப்பு, பொட்டுக்கடலை, எள், பொடித்த வெல்லம் போட்டு, வடித்த தண்ணீரில் பாதியைத் திரும்ப ஊற்றிக் குச்சி சொருகி அடைக்க வேண்டும். அழிஞ்சிக் குச்சி என்பார்கள். சென்னையில் அதற்கு எங்கே போவது? வேப்பங்குச்சி.

அவன் உள்ளே இடமே விடாமல் திணித்துவிட்டான். அரிசி ஊதியது, மொட்டை மாடித் தணலில் ஓடு வெடித்தது. முக்கால் பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. இரண்டாவது காயை அவள் நிரப்பினாள், அவன் குச்சியைப் பிடித்துத் திருப்பிக்கொண்டே இருந்தான். வண்டியை அன்று பத்து நிமிஷம் நிற்க வைத்தார்களாம்.

ஆகஸ்ட் 3, சனி, ஆடி 18

ஆடிக்குப் பெண்ணை மாதம் முழுக்க அழைத்துப்போவது பள்ளி இருக்கும்போது நடக்காது. நேற்றிரவு ரயிலில் போனாள், நாளை இரவு திரும்புகிறாள். மேட்டூர் நிரம்பி ஆற்றில் வெள்ளம் என்பதால் கூடுதுறையில் இறங்காமல் வீட்டிலேயே மஞ்சள் கயிறு மாற்றியாயிற்று. இரண்டு நாள் பிரிவு. போனில் பேசியது அந்த 55 நிமிஷத்தைவிடக் கூட.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

இன்றைய தகராறு ஒரு சொல்லால் வந்தது. "ஏட்டி, இங்க வா" என்றான். நெல்லையில் அது செல்லம், தங்கையையும் அப்படித்தான் கூப்பிடுவான். பவானியில் பால்குடி மறந்த பிள்ளையைக்கூட "வாங்க கண்ணு" என்பார்கள். அவள் காதில் அது ஏச்சு. அவளோ அவனை "மாமா" என்கிறாள், கொங்கு வழக்கம். அவனுக்கு மாமா என்றால் மாமனார், முதல் வாரம் திரும்பிப் பார்த்திருக்கிறான். அவளுடைய "சரிங்க, சாப்பிடுங்க" அவனுக்குப் பேங்க் கவுன்ட்டரில் கேட்பதுபோல இருந்ததாம்.

இதில் யாரையும் மாறச் சொல்லக் கூடாது; மாறினால் நடிப்பாகிவிடும். தன் ஊரில் அந்தச் சொல்லால் யார் யாரைக் கூப்பிடுவார்கள் என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும், அது போதும். ஒரே நிபந்தனை: அவள் அப்பா எதிரில் "ஏட்டி" கூடாது.

செப்டம்பர் 1, ஞாயிறு

தமிழ்நாட்டில் கல்யாணத்தை 90 நாளுக்குள் பதிய வேண்டும், தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். இவர்கள் 80ஆம் நாள் நினைவு வந்து ஓடினார்கள். ஆதாரில் ஒரு தலைப்பெழுத்து, பத்திரிகையில் வேறு. வழக்கமான தடங்கல்.

அக்டோபர் 13, ஞாயிறு

அவன் சொதி வைத்தான். நெல்லையில் மறுவீட்டுக்கு வைக்கிற தேங்காய்ப்பால் குழம்பு. மூன்றாம் பாலில் காய் வேகணும், வெந்த பாசிப்பருப்போடு இரண்டாம் பால், கடைசியில் முதல் பால். முதல் பால் விட்ட பிறகு கொதித்தால் திரிந்துவிடும். விளிம்பில் நுரை கட்டியதும் இறக்கி, சூடு தணிந்த பின்தான் எலுமிச்சை. கனமான குழம்பு, தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல் இல்லாவிட்டால் மந்தம் தட்டும். அவளுக்குக் காரம் போதவில்லை. தட்டில் மட்டும் எதுவும் மிச்சமில்லை.

நவம்பர் 9, சனி

தலை தீபாவளி முடிந்து திரும்பிவிட்டார்கள். நோட்டில் இந்த வாரம் ஒரே ஒரு வரி, அவள் கையெழுத்து: கதவில் சத்தம் வேண்டும்.

கேட்டேன். எண்ணெய் போட்டதிலிருந்து அவன் வந்தது தெரிவதில்லையாம். 4 மணிக்குத் தானாக விழித்து, வந்தாச்சா இல்லையா என்று இருட்டில் காதைத் தீட்டிக்கொண்டு கிடக்கிறாள். அதில் தூக்கம் போகிறது. இப்போது அவன் உள்ளே வந்ததும் தாழ்ப்பாளை ஒரு தட்டுத் தட்டுகிறான். அவள் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள்.