சீனா போகும் முன் நாகலூரில் ஒரு ஒத்திகை

ஏற்காடு மலையில் உள்ள நாகலூரில் அத்தை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து என் போனில் இருந்த ஆப்களை ஒவ்வொன்றாக முடக்கினேன். ஜிமெயில், யூடியூப், கூகுள் மேப்ஸ், டிரைவ், வாட்ஸ்அப், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், டெலிகிராம். 2024 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காலை. ஞாயிறு சாயங்காலம் ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும் வரை இவை எதுவும் இல்லாமல் இருந்து பார்ப்பது என்று முடிவு.

அடுத்த மாதம் ஆறு மாதப் பயிற்சிக்கு நான் சீனா போக வேண்டியிருந்தது. சேலம் பக்கம் இளம்பிள்ளையில், ரேப்பியர் என்ற நவீன விசைத்தறிக்கு மெக்கானிக் வேலை எனக்கு. தறி செய்யும் கம்பெனி செஜியாங் மாகாணத்தில், ஷாவ்ஷிங் ஊரைச் சேர்ந்த கெச்சியாவில் இருக்கிறது. துணிச் சந்தைக்குப் பேர்போன இடம். ஃபேஸ்புக்கை அங்கே 2009-லேயே தடுத்துவிட்டார்கள். ஜிமெயில் 2014 கடைசியில் மொத்தமாக நின்றது, வாட்ஸ்அப் 2017-ல். விக்கிபீடியா 2019 முதல் எந்த மொழியிலும் வராது, தமிழும் சேர்த்துத்தான். இதெல்லாம் எனக்குச் செய்தியாகத் தெரியும். என் போனில் அதற்கு என்ன அர்த்தம் என்பதுதான் தெரியாது. "அங்க போய் முழிக்கறதுக்கு இங்கயே ரெண்டு நாள் முழிச்சுப் பாத்துரு மச்சான்" என்றான் அத்தை மகன். அவன் சொன்னது எவ்வளவு சரி என்பது மத்தியானத்துக்குள் தெரிந்துவிட்டது.

முதலில் பேங்க் ஆப். உள்ளே போக ஓடிபி கேட்டது, அது ஜிமெயிலுக்குப் போனது. தறியின் வயரிங் படம் டிரைவில். விசாவுக்கு வந்த அழைப்புக் கடிதமும் ஃபிளைட் டிக்கெட்டும் மெயிலில். போட்டோ முழுக்க கிளவுடில். இன்னும் மூன்று நான்கு ஆப்களில் 'கூகுள் மூலம் உள்நுழை' பட்டனைத் தட்டியே வருடக்கணக்காகப் போய் வந்திருக்கிறேன், பாஸ்வேர்டு என்று ஒன்றை வைத்ததே இல்லை. அத்தையின் காபிக் கணக்கு நோட்டைத் திருப்பி, கடைசிப் பக்கத்தில் ஒவ்வொன்றாக எழுதினேன். ஞாயிறு கிளம்பும் முன் எண்ணியபோது 17 இருந்தது. அந்தப் பக்கத்தைக் கிழித்து எடுத்துக்கொண்டுதான் 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கினேன்.

சரிசெய்ய மூன்று வாரம் ஆனது. முதல் வேலையாக அவுட்லுக்கில் ஒரு மெயில் முகவரி தொடங்கி பேங்க், விசா ஏஜென்ட், கம்பெனி எல்லோருக்கும் அதைக் கொடுத்தேன். அது அங்கே திறக்கும். ஒரு பேங்கில் மெயில் மாற்ற கிளைக்கே நேரில் வரச் சொன்னார்கள், நான்கு நாள் போனது. கிளம்பும் வாரத்தில் இதை ஆரம்பித்திருந்தால் முடித்திருக்க முடியாது.

இரண்டடுக்குப் பாதுகாப்பு வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். 'நீங்கள்தானா?' என்று கூகுள் போனில் கேட்கும் கேள்வி, கூகுள் எட்டாத ஊரில் வந்து சேராது. ஆனால் ஆத்தென்டிகேட்டர் ஆப் 30 நொடிக்கு ஒருமுறை காட்டும் ஆறு இலக்க எண்ணுக்கு இன்டர்நெட்டே வேண்டாம். போனில் இருக்கும் ரகசியச் சாவியையும் கடிகாரத்தையும் வைத்து அது தானே கணக்குப் போட்டுக்கொள்ளும். எல்லாவற்றையும் அதற்கு மாற்றினேன். வேறு வழி இல்லாதபோது உள்ளே நுழைய கூகுள் கொடுக்கும் 10 பேக்கப் கோடுகளையும் காகிதத்தில் எழுதி, பாஸ்போர்ட் உறையில் ஒன்று, அம்மாவின் பீரோவில் ஒன்று.

கான்டாக்ட் முழுவதையும் ஒரே ஃபைலாக இறக்கி மெமரி கார்டில் போட்டேன். அப்புறம்தான் கவனித்தேன், என் போனில் இரண்டாவது சிம்முக்கும் மெமரி கார்டுக்கும் ஒரே இடம். சீன சிம் போட்டால் கார்டை வெளியே எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் போனுக்குள்ளும் ஒரு பென்டிரைவிலும் மாற்றினேன். கூகுள் டிரான்ஸ்லேட்டில் சீனம், தமிழ், ஆங்கிலம் மூன்றையும் ஆஃப்லைனுக்கு இறக்கியாயிற்று. தங்கும் விடுதியின் முகவரியைச் சீன எழுத்தில் வாங்கிப் படமாக வைத்தேன்.

கார்டும் சிம்மும் இங்கேயே முடிக்க வேண்டியவை. 2020-ல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதியால் நம் கார்டுகள் உள்நாட்டுக்கு மட்டும் என்றுதான் வரும், வெளிநாட்டு உபயோகத்தை நாமே திறந்துவிட வேண்டும். இந்திய நம்பரில் இன்டர்நேஷனல் ரோமிங்கை ஆன் செய்து, ஆறு மாதம் தாங்கும்படி ரீசார்ஜ் போட்டேன். ஓடிபி வரும் நம்பர் செத்தால் பேங்கும் சேர்ந்து செத்த மாதிரி.

இவ்வளவும் என் போன். அம்மாவின் போன்தான் பெரிய வேலையாக இருந்தது.

சீனாவில் எல்லோரும் வீசாட்டில்தான் பேசுவார்கள், பணம் கட்டுவதும் அதில்தான். நம் அரசு 2020 ஜூன் 29 அன்று தடை செய்த 59 ஆப்களில் அதுவும் ஒன்று. வாட்ஸ்அப் அங்கே கிடையாது, வீசாட் இங்கே கிடையாது. 'அங்கே போய் வீசாட் போட்டுக்கொள்ளலாம்' என்று சொல்பவர்கள் நம் வீட்டுப் பக்கத்தை மறந்துவிடுகிறார்கள். இந்த இரண்டு தடைச் சுவருக்கும் நடுவே திறக்கும் ஏதோ ஒன்று வேண்டும். நிறைய விசாரித்து மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் என்று முடிவு செய்தேன். அம்மா போனில் அதைப் போட்டு, முதல் பக்கத்தில் மற்ற எல்லாவற்றையும் எடுத்துவிட்டு அதை மட்டும் விட்டேன்.

கிளம்பும் வரை தினமும் சாயங்காலம் ஏழரைக்கு நான் மொட்டைமாடிக்குப் போவேன், அம்மா கீழே. முதல் நாள் எனக்கு வீட்டுக் கூரை உத்தரம்தான் தெரிந்தது. மூன்றாம் நாள் பாதி நெற்றி. "அந்த ஊதாப் பொட்டிய அமுக்கி, அப்புறம் கேமரா படத்த அமுக்கோணும், அப்படித்தான சாமி?" என்று தானே சொல்லிக்கொண்டே அமுக்குவார். பத்தாம் நாள் முழு முகம் வந்தது. அந்த ஆறு மாதத்துக்கான தயாரிப்பில் எனக்குப் பெரிய தைரியம் கொடுத்தது அந்த முகம்தான்.

தடையைச் சுற்றிக்கொண்டு போக உதவும் விபிஎன் பற்றிக் கேட்பீர்கள். அரசு அனுமதி பெறாத விபிஎன் அங்கே சட்டப்படி தவறு, 2017-லிருந்து கெடுபிடியும் அதிகம். கம்பெனி அழைப்பில் வேலைக்குப் போகிற எனக்கு அது தேவையில்லாத வம்பு என்று பட்டது. அதை நம்பாமலே ஆறு மாதம் ஓட்டினேன், ஓட்ட முடியும்.

கோயம்புத்தூரிலிருந்து சிங்கப்பூர் வழியாக ஹாங்சோவில் இறங்கினேன். போனைத் திறந்தால் வாட்ஸ்அப் தடதடவென்று வருகிறது! ரோமிங்கில் நம் டேட்டா, அந்த ஊர் டவரில் ஏறினாலும் சுற்றிக்கொண்டு நம் நாட்டு நெட்வொர்க் வழியாகத்தான் வெளியே போகும், அதனால் தடை அதைத் தொடாது. விலைதான் அதிகம். விடுதிக்குள் நுழைந்து வைஃபையில் சேர்ந்ததுமே எல்லாம் நின்றது. அன்று முதல் ரோமிங்கை அவசரத்துக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டேன்.

சீன சிம் வாங்க பாஸ்போர்ட்டும் முகத்தை ஸ்கேன் செய்வதும் கட்டாயம். அந்த நம்பரில் வீசாட் தொடங்கினேன். ஏற்கெனவே கணக்கு வைத்திருக்கும் ஒருவர் க்யூஆர் ஸ்கேன் செய்து நமக்காக உறுதி சொல்ல வேண்டும். எனக்குப் பயிற்சி கொடுத்த ஷிஃபு செய்துகொடுத்தார். ஷிஃபு என்றால் அங்கே தொழில் தெரிந்த மூத்தவரை மரியாதையாகக் கூப்பிடும் சொல், நம் மேஸ்திரி மாதிரி. அங்கே பணம் கட்டும் இன்னொரு ஆப்பான அலிபேயில் என் விசா (Visa) பேங்க் கார்டை இணைத்தேன். அப்போது 200 யுவான் வரை கட்டணம் இல்லை, தாண்டினால் 3 சதவீதம். அதனால் பெரிய பில்லை ரொக்கமாகக் கொடுத்தேன். வழி பார்க்க காவ்தே மேப். ரோமிங்கில் ஒருமுறை கூகுள் மேப்பைத் திறந்தேன், சாலையில் நிற்கிற என்னைக் கால்வாய்க்குள் காட்டியது. சீன வரைபடங்கள் இடத்தைக் குறிக்கும் ஆயக் கணக்கே வேறு, ஜிபிஎஸ் காட்டும் இடத்திலிருந்து சில நூறு மீட்டர் வரை விலகும்.

முன்கூட்டி யோசிக்காமல் விட்டவை இரண்டு. ஆண்ட்ராய்டு போனுக்கு அழைப்பு மணியைக் கொண்டுவருவதே கூகுள் சர்வர்தான். அது இல்லாததால் அம்மா டீம்ஸில் கூப்பிட்டால் என் போன் அடிக்காது. ஒரு நாள் ஏழு முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அழுதிருக்கிறார். பிறகு ஏற்பாட்டை மாற்றினோம். நம் நேரம் ஏழரை, அங்கே பத்து மணி. நான்தான் கூப்பிடுவேன், அவர் கூப்பிட வேண்டாம். அவசரம் என்றால் இந்திய நம்பருக்கு ஒரு எஸ்எம்எஸ்.

இன்னொன்று, மூன்றாம் மாதம் பேங்க் ஆப் 'அப்டேட் செய்தால்தான் திறப்பேன்' என்றது. ப்ளே ஸ்டோர் அங்கே கிடையாது. வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டிய தேதி வேறு. ஒரு நாள் ரோமிங் பேக் போட்டு, நள்ளிரவு உட்கார்ந்து அப்டேட் செய்தேன். அதற்குப் பிறகு மாதம் ஒரு நாள் அதற்கென்றே ரோமிங் போட்டேன்.

ஆகஸ்டு கடைசியில் ஊர் திரும்பும்போது சுவர் மறுபக்கம் வந்து நின்றது. ஷிஃபுவுக்கு வீசாட் தவிர வேறு எதுவும் பழக்கமில்லை, எனக்கோ இளம்பிள்ளையில் அது இல்லை. கடைசி நாள் என் நோட்டை வாங்கி, தன் மகனுக்குப் போன் போட்டு, அவன் மெயில் முகவரியை ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டு எழுதிக்கொடுத்தார். இப்போது தறியில் ஏதாவது மக்கர் செய்தால் படம் எடுத்து அந்தப் பையனுக்கு அனுப்புகிறேன். இரண்டு நாளில், உதிரிப்பாகத்தைப் பென்சிலால் வரைந்து அம்புக்குறி போட்ட காகிதத்தின் போட்டோ வரும். எழுத்தெல்லாம் சீனம். படம் எனக்குப் புரிந்துவிடும்.