பலூனும் சீட்டுக்கட்டும்: டூட்டி நாட்குறிப்பு

மார்ச் 4

பக்கவாதத்தால் இடது கை தளர்ந்துபோன அம்மா ஒருவர் இருக்கிறார். பிசியோ சொல்லிக்கொடுத்த பயிற்சியை நாலு தடவை செய்துவிட்டு, "போதும் சிஸ்டர்" என்று கையை மடியில் போட்டுக்கொள்வார். இன்று மாலை அவர் முன்னால் ஒரு பலூனைத் தட்டிவிட்டேன். முதலில் வலது கைதான் போனது. அடுத்ததை இடப்பக்கமாக அனுப்பினேன். மடியில் கிடந்த கை தயங்கித் தயங்கி எழுந்து, விரல் நுனியால் பலூனைத் தொட்டது. அப்புறம் மணிக்கட்டால் ஒரு தட்டு. 18 வரை நான் எண்ணினேன். அவர் பலூனை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பந்தைவிடப் பலூன் நல்லது. மெதுவாக இறங்கும், கண் பார்த்து, கை போய்ச் சேர நேரம் கிடைக்கும். பலூன் ரப்பரான லேடெக்ஸ் ஒவ்வாமை உண்டா என்று கேஸ் ஷீட்டை முதலில் பார்த்துவிட வேண்டும். வெடித்தால் துண்டுகளை உடனே பொறுக்க வேண்டும். மறதிநோய் உள்ளவர்கள் வாயில் போட்டுக்கொள்ளக்கூடும்.

மார்ச் 6

இன்று நெஞ்சு பதறிவிட்டது. எட்டாத பலூனுக்கு ஓர் ஐயா முன்னால் சாய, வீல்சேர் பின்னால் நகர்ந்தது. ஒரு பக்க பிரேக்கை நான் போடவில்லை. தோளைப் பிடித்து நிறுத்திவிட்டேன், அடி ஒன்றுமில்லை. 65 வயதைத் தாண்டியவர்களில் ஆண்டுதோறும் 28 முதல் 35 சதவீதம் பேர் விழுகிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதைத் தெரிந்து வைத்திருந்தும் பிரேக்கைப் பார்க்காமல் விட்டேன். இனி இரண்டு பிரேக்கும் போட்ட பிறகு, பாதம் தரையில் பதிந்த பிறகுதான் ஆட்டம். நான் நிற்பது பலவீனமான பக்கத்தில்.

மார்ச் 9

"வேலை முடிஞ்சப்புறம் விளையாட்டு வெச்சுக்கலாமே" என்றார் உடன் வேலை பார்ப்பவர். இதுவும் வேலைதான் என்றேன். 75 வயதைக் கடந்த 469 பேரைப் பல ஆண்டுகள் கவனித்து 2003-இல் வந்த ஆய்வில், பலகை விளையாட்டு, வாசிப்பு, இசைக்கருவி, நடனம் என்று ஈடுபட்டவர்களுக்கு மறதிநோய் குறைவாக வந்திருந்தது. விளையாட்டுதான் காத்தது என்று அதை வைத்து உறுதியாகச் சொல்லிவிட முடியாது. மூளை நன்றாக இருப்பவர்களே அதிகம் விளையாடவும் கூடும். ஆனால் நான் விளையாட்டை நம்புவதற்கு அந்த ஆய்வு மட்டும் காரணமில்லை.

மார்ச் 13

காரணம் இன்று கண்ணெதிரே நடந்தது. சீட்டாட்டத்தில் புள்ளி எழுதுவது எப்போதும் ஒரே ஐயாதான். முன்பு யாரோ அவருக்குச் சிறுபிள்ளைகளின் வண்ணக் கட்டைகளைக் கொடுத்தபோது, "நான் என்ன குழந்தையா?" என்று தள்ளிவிட்டவர். பெரிய எழுத்துச் சீட்டுக்கட்டு வந்த பிறகு ஒருநாள்கூடத் தவறவிட்டதில்லை. இன்று மூன்று தடவை கூட்டலில் தவறினார். முறை வந்தும் சீட்டைப் பார்த்தபடியே இருந்தார். "தூக்கம் வருது" என்றார்.

வயதாகிவிட்டது என்று விட மனமில்லை. மறதிநோய் மாதக்கணக்கில் மெல்ல வருவது. ஒரே நாளில் மனம் குழம்பினால் உடம்பில் வேறு ஏதோ இருக்கும். காய்ச்சல் லேசாகத்தான் இருந்தது. ஆனால் மூச்சு வேகமாக, நிமிடத்துக்கு 26. ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைந்து 91 சதவீதம். உடனே டாக்டரைக் கூப்பிட்டேன்.

மார்ச் 14

நிமோனியா. மருந்து தொடங்கியாயிற்று. நேற்றைய நர்ஸ் குறிப்பில் "சீட்டாட்டத்தில் கணக்குத் தவறினார், மாலை 4.30" என்று எழுதியிருந்தேன். டாக்டர் அந்த வரியின் கீழ் கோடு போட்டிருக்கிறார்.

மார்ச் 25

ஐயா இன்று மேஜைக்கு வந்தார். மெலிந்திருக்கிறார், சீட்டைக் கலைக்கும்போது கை கொஞ்சம் நடுங்கியது. நோட்டைக் கேட்டு வாங்கி, 13-ஆம் தேதிப் பக்கத்தைப் புரட்டினார். மூன்று இடத்திலும் அடித்து, பக்கத்திலேயே சரியான கூட்டலை எழுதினார். "அன்னிக்கு அந்த அம்மாதான் ஜெயிச்சிருக்காங்க, சொல்லிடுங்க" என்றார்.

எதிரே இருந்த அம்மா, இடது கையால் மேஜையைத் தட்டினார்.