கட்டுமரம் கப்பலேறிய கதை
குளச்சல், முட்டம் பக்கம் வளர்ந்தவர்களுக்குக் கட்டுமரம் என்றால் கயிற்றால் சேர்த்துக் கட்டிய நாலைந்து தடிகள், அவ்வளவுதான். அலை மேலே ஏறும், இடுக்கு வழியே இறங்கிவிடும், மூழ்காது. கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து, தடிகளை மணலில் காயப்போடுவார்கள்.

இந்தச் சொல்லை வில்லியம் டாம்பியர் என்ற இங்கிலீஷ் கடலோடி 1697-இல் தன் பயண நூலில் எழுதி இங்கிலீஷ்காரர்களுக்கு அறிமுகப்படுத்தினார். ‘கேட்டமரான்’ ஆகிவிட்டது. அப்புறம்தான் கூத்து. 1804-இல் பிரான்ஸின் பூலோன் துறைமுகத்தில் நின்ற பிரெஞ்சுக் கப்பல்களைத் தகர்க்க பிரிட்டிஷ் கடற்படை மிதக்கவிட்ட வெடிமருந்துப் பெட்டிகளுக்கும் இதே பெயர். பெரிய சேதம் ஒன்றுமில்லை என்பது வேறு விஷயம்! 19-ஆம் நூற்றாண்டில் சண்டைக்காரப் பெண்களையும் கேட்டமரான் என்று திட்டியிருக்கிறார்கள். முன்னால் ‘கேட்’ இருப்பதால் பூனை ஞாபகம் வந்திருக்கும் போல. (கடலோரத்து அக்காமார் கேட்டால் தெரியும் சேதி.)

1876-இல் அமெரிக்காவில் நதானியேல் ஹெரெஷாஃப் இரண்டு உடல் (தண்ணீரில் மிதக்கும் அடிப்பாகம்) கொண்ட பாய்மரப் படகு செய்து பந்தயத்தில் முதலாவதாக வந்தார். இன்று அகராதியில் முன்னால் நிற்பது அந்த ரகம்தான். இரட்டை உடல் படகு பசிபிக் தீவுக்காரர்களின் பழைய வித்தை. பெயர் மட்டும் நம்முடையது. நம் கட்டுமரத்துக்கு ஒரு உடலே ஒழுங்காகக் கிடையாது, இதில் எங்கே ரெண்டு!