வாலறுந்த பட்டம்

"பிளேன் வேண்டாம், கப்பலில் போ" என்று மீன் மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற நோர்வேக்கார அம்மா சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 1988 பெப்ரவரி. நோர்வேயின் வடக்கு முனையில் மேஹம்ன் என்ற மீன்பிடி ஊர். நான் வந்து நாலு மாதம். துரொம்சோவில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. கப்பலென்றால் ஏறத்தாழ ஒரு நாள் போய்விடும்.

மோசமான காலநிலை என்று ஒன்றில்லை, மோசமான உடுப்புத்தான் உண்டு என்று முதல் கிழமையே எனக்குப் படிப்பித்தவர் அவர். உறைகுளிரில் கைக்குழந்தையைத் தள்ளுவண்டியோடு வெளியே நித்திரையாக்குகிற சனம் இது. அப்படிப்பட்டவர் காற்றுக்குப் பயப்படுகிறாரே என்றுதான் சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. கத்தியை வைத்துவிட்டுக் கையுறையைக் கழற்றினார். 1982 மார்ச் 11. பெர்லேவோக்கிலிருந்து மேஹம்னுக்கு வந்துகொண்டிருந்த ட்வின் ஒட்டர் பிளேன் வந்து சேரவில்லை. கம்விக்குக்கு அப்பால் கடலில் விழுந்துவிட்டது. 15 பேர். ஒருவரும் மிஞ்சவில்லை.

பெர்லேவோக் அடுத்த ஊர் மாதிரித்தான். பனிக்காலத்தில் மலைப்பாதை மூடிவிடும். திறந்தாலும் பனி தள்ளும் வண்டிக்குப் பின்னால் வரிசையாக ஊர்ந்து போக வேண்டும். அதனால் எங்களுக்குப் பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணம் போகும் 750 பஸ் எப்படியோ அப்படித்தான் இவர்களுக்கு அந்தச் சின்னப் பிளேன். ஆஸ்பத்திரிக்கும் அதுதான், கலியாண வீட்டுக்கும் அதுதான். பஸ் ஏறுகிற மாதிரி ஏறியவர்கள் அந்தப் 15 பேரும்.

மேகமே இல்லாத வெளியிலும் வருகிற காற்றுக் கொந்தளிப்பில் வாலின் நிமிர்ந்த சிறகு முறிந்தது என்பதே விசாரணையின் முடிவு. அதைக் கேட்டதும் எனக்கு வல்வெட்டித்துறைக் கடற்கரை வந்துவிட்டது. தைப்பொங்கல் நேரம், விண் என்கிற, காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் நாடா பூட்டிய பட்டம் இராமுழுக்கக் கூவும். வால் அறுந்தால் என்ன ஆகும் என்று அங்கே ஆறு வயதுப் பொடியனுக்கும் தெரியும். சுற்றிச் சுற்றி வந்து குத்தும். கையில் நூல் இருந்தும் ஒன்றும் செய்ய ஏலாது. விமானிக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

டிக்கற் எடுத்தாயிற்று என்று நான் பிளேனில்தான் போனேன். இறங்கும்வரை சந்நிதி முருகனை விடவில்லை. திரும்பியது கப்பலில்.

பிறகு ஒஸ்லோவுக்கு வந்துவிட்டேன். ஆனால் அந்த மார்ச் மாதம் என்னை விடவில்லை. அன்று அந்தப் பக்கம் நேட்டோப் பயிற்சி நடந்துகொண்டிருந்ததால், பிரித்தானியப் போர் விமானம் மோதித்தான் விழுந்தது என்று ஒரு கதை எழும்பியது. சனம் விடாமல் கேட்டது. கேட்கக் கேட்க மறுபடி மறுபடி விசாரித்தார்கள். மொத்தம் நாலு விசாரணை. கடைசி ஆணைக்குழுவை நாடாளுமன்றமே அமைத்து, 2005-ல், 23 வருடம் கழித்து அறிக்கை வந்தது. போர் விமானம் மோதவில்லை என்றார்கள். எல்லோரும் நம்பினார்களா என்பது வேறு விஷயம். கேட்டவர்களை ஒருவரும் வாயை மூடு என்று சொல்லவில்லை.

அந்தச் செய்தியைப் பார்த்த இரவு நான் சாப்பிடவில்லை. 1998 செப்டெம்பர் 29. யாழ்ப்பாணத்துப் பலாலியிலிருந்து கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானைக்குப் புறப்பட்ட அன்ரனோவ் பிளேன். 55 பேர். அநேகமாக எல்லாம் எங்கள் சனம். போரால் பாதை பூட்டியிருந்த காலம், அவர்களும் பஸ் ஏறுகிற மாதிரித்தான் ஏறினார்கள். அதை விழுத்தியது காற்றல்ல; சுட்டு வீழ்த்தினார்கள் என்றுதான் சொல்லப்பட்டது. இரணைதீவுப் பக்கம் கடலுக்கடியில் சிதைவைக் கண்டது 2012-ல். 14 வருடம்! பிறகு கடலில் எடுத்த உடுப்புகளை அடையாளம் காட்டச் சொல்லி உறவினர் முன் வைத்தார்கள். மகனின் சேட்டுத்தானா என்று ஒரு தாய் உப்பில் ஊறிய துணியைத் தடவிப் பார்ப்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் கை நடுங்குகிறது. அந்தத் தாய்க்கு யார் நாலு விசாரணை வைத்தார்கள்? ஒன்றாவது ஒழுங்காக வைத்தார்களா?

சரி, நோர்வே எனக்குப் பழகிவிட்டது. பனி தள்ளுவேன், வரி கட்டுவேன், பிள்ளைகள் நோர்வே மொழியில் கனவு காண்கிறார்கள். ஆனால் இரவில் கூரையில் காற்று விழுந்தால் இது சோளகமா கொண்டலா என்றுதான் மனம் கேட்கிறது.

கடைசியாக மேஹம்ன் போனபோது அந்த அம்மாவுக்கு எண்பது தாண்டியிருந்தது. யன்னலோரம் தேத்தண்ணியோடு இருந்தோம். வடக்கிலிருந்து காற்று மோதியது. "உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர்?" என்று கேட்டார்.

"வாடை."

நாக்கைச் சுழற்றிப் பார்த்துவிட்டு, "வாடா" என்றார்.

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஏனென்று கேட்டார். எப்படிச் சொல்ல? அம்மா போனபிறகு என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. இன்னொருமுறை சொல்லுங்கள் என்றேன்.

"வாடா" என்றார்.